ஓரிரவிற் பிறழும் சிறுவர் உளம்: உடற்காரணம் தேடிய ஆராய்ச்சி

உளநோய்கள் பெரும்பாலும் சிறுகச் சிறுக வளர்வன. எப்போது தொடங்கிற்று எனப் பெற்றோரை வினவின், ஆறு திங்களாக என்பர் சிலர். இரண்டு ஆண்டாக என்பர் சிலர். திட்டமாக ஒரு நாளைக் குறித்துச் சொல்வார் அரியர். ஆயின், சிறுவருள் ஒருசிலரிடம் இந்நோய் முற்றிலும் வேறொரு வகையில் வருகின்றது. நேற்று மாலை வரை ஓடி விளையாடிய ஏழு வயதுச் சிறுவன், இன்று காலையில் தன் கைகளில் நஞ்சு படிந்துள்ளது என அஞ்சித் தோல் உரியும்வரை கழுவுகின்றான், தாயை விட்டு அடுத்த அறைக்கும் போக மறுக்கின்றான், விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும் எனப் பயந்து உணவை ஒதுக்குகின்றான், ஓயாது கண் சிமிட்டுகின்றான், தோளைக் குலுக்குகின்றான், இரவில் உறங்கான், பல ஆண்டுகட்கு முன் விட்டொழிந்த படுக்கை நனைத்தல் திரும்பி வருகின்றது. பெற்றோர் நாளை மட்டுமன்றி வேளையையும் குறித்துச் சொல்லத்தக்க அளவிற்கு இம்மாற்றம் விரைந்து நிகழ்கின்றது.

பெற்றோர்க்கு அடுத்தபடியாக இம்மாற்றத்தைக் காணும் வாய்ப்புடையவர் ஆசிரியரே. சென்ற கிழமை வரை கோட்டின்மேல் ஒழுங்காக நின்ற எழுத்து, இக்கிழமை கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடக்கும்; பெருத்தும் சிதைந்தும் தோன்றும். வாய்பாட்டைத் தடையின்றி ஒப்புவித்த மாணவன் எளிய கூட்டலிலும் தடுமாறுவான். இந்நோயை ஆராயும் மருத்துவர், நோய்க்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட அப்பியாசக் கொப்பிகளை அருகருகே வைத்து நோக்குவதைப் பயனுள்ள சான்றாகக் கொள்வர். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. கொப்பியைக் கண்டு பிரம்பை நாடுவதற்கு முன் அதன் பக்கங்களிலுள்ள திகதிகளைக் கவனித்தல் நன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

காரணம் புலப்படாத இத்தகைய மாற்றத்திற்கு மக்கள் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்ற காரணங்களைக் கற்பித்துக்கொண்டனர். ஐரோப்பியர் புனித வீற்றசு என்னும் அடியாரின் சினம் என்றனர். கீழ்நாட்டார் பேய்க்கோள் என்றனர். நம்மவரிடையே பார்வை பார்த்தலும் நூல் கட்டுதலும் வழக்காயின. இருபதாம் நூற்றாண்டில் உளப்பகுப்புக் கொள்கை தலையெடுத்தபோது, பேயின் இடத்தைப் பெற்றோர் பெற்றனர். தாயின் கண்டிப்பும் தந்தையின் அலட்சியமும் குழந்தையின் நோய்க்கு வித்தாகக் கூறப்பட்டன. பேயோட்டுவானும் உளப்பகுப்பாளரும் தம்முள் எத்துணை வேறுபடினும், குழந்தையின் தொண்டையைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் இருவருக்கும் தோன்றவில்லை.

தொண்டைக்கும் மனத்திற்கும் என்ன தொடர்பு என வினவலாம். அதனை அறிதற்கு முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஆங்கில மருத்துவர் தோமசு சிடனாம் 1686ஆம் ஆண்டில் சிறுவர்க்கு வரும் ஒரு நோயை விவரித்தார். பத்து வயது முதல் பருவமெய்தும் வரையுள்ள சிறுவர் சிறுமியரை அது பற்றும், கால் தள்ளாடும், கை ஒரு நிலையில் நில்லாது, கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுசெல்லும் குழந்தை, செப்படி வித்தை காட்டுவானைப் போலக் கையை அங்குமிங்கும் வீசியே அதனைச் சேர்க்கும். நடனம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகக் கொரியா என்னும் பெயர் அதற்கு வழங்குகின்றது. காரணத்தைச் சிடனாம் அறிந்தாரல்லர். குருதி வடித்தும் பேதி கொடுத்தும் மருத்துவம் செய்தார். அவருடைய காலம் அத்தகையது. எனினும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தமையால் அவ்விவரணம் இன்றும் பிழையின்றி நிற்கின்றது.

1850ஆம் ஆண்டில் பிரான்சிய மருத்துவர் செர்மேன் சே, கொரியா உற்ற சிறுவர் பலர்க்கு மூட்டுவீக்கத்துடன் கூடிய வாதக்காய்ச்சலும் இருத்தலை எடுத்துக்காட்டினார். 1894இல் வில்லியம் ஒசிலர் கொரியாவைப் பற்றித் தனி நூலொன்றே எழுதினார். இச்சிறுவரின் கைகால்கள் மட்டுமன்றி நடத்தையும் மாறுகின்றது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பு சிலரிடம் காணப்படுகின்றது என அவர் குறித்தார். அக்குறிப்பை அடுத்து வந்த தொண்ணூறு ஆண்டுகளில் பெரிதாகப் பொருட்படுத்தினார் சிலரே. வாதக்காய்ச்சல் ஸ்ரெப்ரொகொக்கசு என்னும் பற்றீரியத்தாற் பற்றிய தொண்டைநோயின் பின்விளைவு என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் கொரியா, தொண்டைநோய் ஆறிப் பல திங்கள் கழிந்த பின்னரே தோன்றுவதாதலின், அதற்கும் அப்பற்றீரியத்திற்கும் உள்ள உறவு நெடுங்காலம் ஐயத்துக்கு இடமாயிருந்தது. 1956ஆம் ஆண்டிலே தறந்தா, ஸ்ரொலமன் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியே அவ்வையத்தைப் போக்கிற்று. இலங்கையிலும் இந்தியாவிலும் பள்ளிச் சிறுவரை நெடுங்காலம் வருத்திய வாதக்காய்ச்சலும், அதன் வழிவந்த இருதய வால்வு நோயும் மருத்துவர்க்குப் பழக்கமானவை. அவற்றை உற்றார்க்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ஆண்டுக்கணக்காகப் பெனிசிலின் ஊசி ஏற்றுவது, அதே பற்றீரியம் மீண்டும் தொண்டையிற் குடிகொள்ளாமற் காத்தற்கேயாம்.

பற்றீரியம் தொண்டையில் இருக்க, நோய் இருதயத்திலும் மூளையிலும் தோன்றுவது எவ்வாறு? பற்றீரியம் அவ்விடங்களுக்குச் செல்வதில்லை. செல்வது, அதனை எதிர்க்க உடல் தானே ஆக்கிய பிறபொருளெதிரி. அமெரிக்கப் பெண்மணியாகிய இரெபேக்கா லான்சுபீல்டு 1933ஆம் ஆண்டில் ஸ்ரெப்ரொகொக்கசுக்களைக் கூட்டங்களாக வகுத்தார். அவற்றுள் ஏ என்னும் கூட்டமே இந்நோய்களுக்குரியது. அதன் மேற்புறத்திலுள்ள எம் புரதமும் வேறு சில பொருள்களும் மனித இழையங்களிலுள்ள சில பொருள்களை உருவில் ஒத்திருக்கின்றன. ஊருக்குட் புகுந்த கள்வன் ஊரவரைப் போலவே வேட்டி சால்வை உடுத்து நின்றால், அவனைத் தேடிவரும் காவலர் ஊரவரையும் சேர்த்தே அடிப்பர் அன்றோ? அதுபோன்றதே இதுவும். மூலக்கூற்றுப் போலிமை என இதனை ஆராய்ச்சியாளர் கூறுவர். ஸ்ரெப்ரொகொக்கசை எதிர்க்கும் பிறபொருளெதிரி மனித இருதயத் தசையையும் பற்றுதலை 1962இல் மெல்வின் கப்லன் காட்டினார். 1976இல் ஹஸ்பி என்பாரும் அவருடன் சேர்ந்தோரும், கொரியா உற்ற சிறுவரின் குருதியில் மூளையின் சில நரம்புக்கலங்களைப் பற்றும் பிறபொருளெதிரிகள் இருத்தலைக் கண்டனர்.

அவர்கள் கண்ட நரம்புக்கலங்கள் மூளையின் எப்பகுதியிலும் உள்ளனவல்ல. மூளையின் ஆழத்தில், அடித்திரட்டுக்கள் எனப்படும் நரம்புக்கலத் தொகுதிகளில் உள்ளன. இத்திரட்டுக்கள் தசையியக்கத்தை ஒழுங்குபடுத்துவன என்பது முன்னரே அறியப்பட்டது. அவை செய்யும் வேலை அஃதொன்றே அன்று. தொடங்கிய செயல் முடிந்தது என்னும் நிறைவை மனத்திற்கு ஊட்டுவதிலும், வேண்டாத எண்ணத்தையும் அசைவையும் தடுத்து நிறுத்துவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. கதவைப் பூட்டியவன் பூட்டிவிட்டேன் என அமைதியுறுதல் இயல்பு. எண்ணச்சுழற்சி நோயுற்றவனுக்கு அவ்வமைதி கிட்டாது. பூட்டியதை நூறுமுறை சரிபார்ப்பான். எனவே, ஒரே இடத்தில் நேரும் பழுது ஒருவனிடம் கைகாலின் ஆட்டமாகவும் இன்னொருவனிடம் எண்ணத்தின் சுழற்சியாகவும் வெளிப்படலாம் என்பது பொருந்தாத கருத்தன்று.

இக்கருத்தைக் கைக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கியவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய உளநல நிறுவகத்தைச் சேர்ந்த சூசன் சுவீடோ. கொரியா உற்ற சிறுவரிடம் எண்ணச்சுழற்சி அறிகுறிகள் மிகுதியாக உள்ளன என்பதை அவரும் உடனாய்வாளரும் 1989இல் வெளியிட்டனர். கொரியா இன்றியே, தொண்டைநோயைத் தொடர்ந்து திடீரென எண்ணச்சுழற்சியும் தன்வசமற்ற தசைத்துடிப்பும் உறும் சிறுவர் உளரோ என்பது அடுத்து எழுந்த வினா. 1998ஆம் ஆண்டில் அத்தகைய 50 சிறுவரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. அவர்களுட் பெரும்பாலார் ஆண்பிள்ளைகள். தசைத்துடிப்புத் தொடங்கிய சராசரி வயது 6.3, எண்ணச்சுழற்சி தொடங்கிய சராசரி வயது 7.4. ஸ்ரெப்ரொகொக்கசுத் தொற்றோடு தொடர்புடைய சிறுவர் தன்னெதிர்ப்பு உளநரம்புப் பிறழ்வுகள் என்னும் நீண்ட பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஆங்கிலத்திற் பாண்டாசு என அதனை வழங்கினர். எண்ணச்சுழற்சியோ தசைத்துடிப்போ இருத்தல், மூன்று வயதிற்கும் பருவமெய்துதற்கும் இடையே தொடங்கல், திடீரென எழுந்து தணிந்து மீண்டும் எழல், அவ்வெழுச்சி ஸ்ரெப்ரொகொக்கசுத் தொற்றோடு காலத்தால் ஒட்டியிருத்தல், எழுச்சியின்போது அமைதியின்மை முதலிய நரம்பியற் குறிகள் காணப்படுதல் என்பன அவர்கள் வகுத்த இலக்கணங்கள்.

அறிக்கை வெளிவந்ததும் பெற்றோர் பலர் பெருமூச்சு விட்டனர். மருத்துவருட் பலர் புருவத்தை நெரித்தனர். மருத்துவரின் ஐயம் பிடிவாதத்தால் எழுந்ததன்று. ஸ்ரெப்ரொகொக்கசு அரிய கிருமியாயின் அதனைக் கண்டவுடன் குற்றவாளி எனத் துணியலாம். அதுவோ பள்ளிக்கூடங்கள் தோறும் உலாவுவது. நோய்க்குறி ஒன்றுமில்லாத சிறுவருள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேரின் தொண்டையில் அது குடியிருத்தலை, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2010ஆம் ஆண்டு மதிப்பீடொன்று காட்டுகின்றது. குருதியிலுள்ள பிறபொருளெதிரியின் அளவோ தொற்று ஏற்பட்டுச் சில கிழமைகளில் உச்சமுற்றுப் பின்னர்ப் பல திங்கள் தாழாது நிற்கும். ஆகவே, திடீரென நோயுற்ற எந்தக் குழந்தையைச் சோதித்தாலும் ஸ்ரெப்ரொகொக்கசின் சுவடு அகப்படுதல் கூடும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையோ இது என்னும் வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. மேலும், எண்ணச்சுழற்சியும் தசைத்துடிப்பும் எக்காரணமும் இன்றியே ஏறி இறங்கும் இயல்புடையன. ஏறும்போது பெற்றோர் மருத்துவரை நாடுவர். மருத்துவர் தொண்டையைச் சோதிப்பார். இறங்கும் காலத்தில் யாரும் சோதிப்பதில்லை. கொரியாவோடு ஒப்பிடுமிடத்தும் சில முரண்கள் உள. கொரியா பல திங்கள் கழித்து வருவது, இதுவோ சில நாள்களிலே வருவதாகச் சொல்லப்படுகின்றது. கொரியா பெண்பிள்ளைகளை மிகுதியாகப் பற்றுவது, இது ஆண்பிள்ளைகளைப் பற்றுவது. இவ்வாதங்களைக் குர்லன், கப்லன் என்னும் இருவர் 2004ஆம் ஆண்டில் விரிவாக முன்வைத்தனர். இக்கப்லன், 1962இல் இருதயத்தை ஆராய்ந்தவரின் வேறாவார்.

ஐயத்தைத் தீர்த்தற்குரிய நெறி, முன்னோக்கிய ஆய்வே. அஃதாவது, சிறுவரைத் தெரிந்தெடுத்துக்கொண்டு, நோய் கூடினும் குறையினும் குறித்த இடைவெளியில் தொண்டையையும் குருதியையும் சோதித்து வருதல். குர்லன் குழுவினர் பாண்டாசு இலக்கணத்திற்கு அமைந்த 40 சிறுவரையும், அவர்களை ஒத்த வேறு 40 சிறுவரையும் ஏறத்தாழ ஈராண்டு தொடர்ந்து நோக்கி, 2008இல் முடிவை வெளியிட்டனர். நோய் மோசமடைந்த 64 நிகழ்ச்சிகளுள் ஸ்ரெப்ரொகொக்கசுத் தொற்று ஏற்பட்டு நான்கு கிழமைக்குள் நிகழ்ந்தவை 5 மாத்திரமே. தற்செயலாக நேரக்கூடியது 1.6 எனக் கணிதம் கூறிற்று. இச்சிறிய கணக்கை இரு கட்சியாரும் தத்தமக்குச் சார்பாகப் படித்தனர். ஐந்து என்பது 1.6இன் மூன்று மடங்கு, ஆதலால் தொடர்பு உண்மையானது என்றனர் ஒரு சாரார். எஞ்சிய 59 நிகழ்ச்சிகளிலும் ஸ்ரெப்ரொகொக்கசு கண்ணிற் படவே இல்லை, ஆதலால் பெரும்பாலான சிறுவர்க்கு அது காரணமன்று என்றனர் மற்றொரு சாரார். இரண்டு கூற்றும் ஒருங்கே உண்மையாதல் கூடும் என்பதே இதிற் கவனிக்கத்தக்கது. ஒரு பெயரின்கீழ் அடக்கப்பட்ட சிறுவருள் சிலர் மாத்திரம் அந்நோயை உடையராயின், கணக்கு இவ்வாறுதான் வரும். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் 715 சிறுவரைத் தொடர்ந்து நோக்கிய பேராய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. நாட்பட்ட தசைத்துடிப்பு உடையோரிடம் அத்துடிப்பு மோசமடைதற்கும் ஸ்ரெப்ரொகொக்கசுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அதிவேகச் செயற்பாட்டிற்கும் முன்யோசனையற்ற நடத்தைக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டது. ஆயினும், அவ்வாய்வு நாட்பட்ட தசைத்துடிப்பாளரைப் பற்றியது. ஓரிரவில் நோயுறும் அரிய சிறுவரைப் பற்றியதன்று. அதனைக் கொண்டு பின்னவரின் வழக்கை முடித்துவிட்டதாகக் கூறுதல் நியாயமன்று.

இதற்கிடையில், வேறொரு வழியாக வந்த கண்டுபிடிப்பொன்று ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிற்று. 2007ஆம் ஆண்டில் ஜோசப் டல்மோவும் உடனாய்வாளரும் 12 பெண்களின் நோயை விவரித்தனர். அவர்கள் திடீரெனப் பிதற்றலும் அச்சமும் மாயக்காட்சியும் உற்று, பின்னர் வலிப்பும் நினைவிழப்பும் எய்தியவர்கள். பலரை முதலில் உளநோயாளர் என்றே கருதினர். அவர்களிடம் ஒருவகைக் கட்டி, பெரும்பாலார்க்குச் சூலகத்தில், காணப்பட்டது. அதனை எதிர்த்து உடல் ஆக்கிய பிறபொருளெதிரி, மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. வாங்கி என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டமையே நோய்க்குக் காரணம் எனத் தெளிந்தனர். விரைவில், கட்டி இல்லாத சிறுவர்க்கும் இந்நோய் வருதல் அறியப்பட்டது. முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், வியன்னா நகரத்து மருத்துவர் எக்கொனோமோ விவரித்த உறக்கநோய் உலகெங்கும் பரவி, பிழைத்த சிறுவர் பலரை முரட்டுத்தனமும் உறக்கக் கேடும் உடையவராக மாற்றிச் சென்றது. அதன் காரணம் இன்றும் துணியப்படவில்லை. எனினும், அந்நோயை ஒத்த அறிகுறிகளுடைய 20 சிறுவரை ஆராய்ந்த டேல் குழுவினர், 10 பேரிடம் என்.எம்.டி.ஏ. வாங்கியைப் பற்றும் பிறபொருளெதிரியைக் கண்டு 2009இல் வெளியிட்டனர். உளநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்படக்கூடிய சிறுமி ஒருத்தியை, முள்ளந்தண்டிலிருந்து எடுத்த சிறிதளவு பாய்பொருள் சரியான மருத்துவத்திடம் சேர்க்கும் காலம் வந்தது.

ஒரு நோய் தன்னெதிர்ப்பால் விளைவதென நிறுவுதற்குரிய அளவுகோலை 1957ஆம் ஆண்டில் எர்னெஸ்ட் விற்றெப்ஸ்கி என்பார் வகுத்திருந்தார். தாக்கப்படும் பொருள் இன்னதெனத் தெரிதல் வேண்டும். அதனைத் தாக்கும் பிறபொருளெதிரியோ கலமோ நோயாளரிடம் காணப்படுதல் வேண்டும். விலங்கிலும் அந்நோயைத் தோற்றுவித்தல் வேண்டும் என்பன போல்வன அவை. என்.எம்.டி.ஏ. வாங்கி நோய் இவ்வளவைக்கு நன்கு அமைகின்றது. பிறபொருளெதிரி வாங்கியை நரம்புக்கலத்தின் மேற்புறத்திலிருந்து உள்ளே இழுத்துவிடுகின்றது. எலியின் மூளையிற் செலுத்தினால் எலியின் நினைவு கெடுகின்றது. பிறபொருளெதிரியை அகற்றினால் நோய் நீங்குகின்றது. பாண்டாசை இவ்வளவுகோலால் அளந்தால் குறை தெரிகின்றது. 2003ஆம் ஆண்டில் ஒக்லகோமாப் பல்கலைக்கழகத்து மடலீன் கனிங்காமும் உடனாய்வாளரும், கொரியா நோயாளரின் பிறபொருளெதிரி பற்றீரியத்தின் வெல்லப்பொருளொன்றையும் நரம்புக்கலத்தின் கொழுப்புப்பொருளொன்றையும் ஒருங்கே பற்றி, நரம்புக்கலத்தினுள் நொதியமொன்றைத் தூண்டுதலைக் காட்டினர். நேர்த்தியான ஆராய்ச்சி. ஆயின், அதன் வழியே வணிக முறையில் அமைக்கப்பட்ட குருதிச் சோதனையைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2017இல் ஆராய்ந்தபோது, நோயற்றோருட் பெரும்பாலோர்க்கும் நோய்க்குறி உள்ளதாகவே அது காட்டிற்று. ஆய்வுகூடத்தில் நன்கு அமைந்த கருத்து, பிள்ளையின் படுக்கையருகே கொண்டுவரப்படும்போது தடுமாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பெற்றோர் பெரும்பணம் கொடுத்துப் பெறும் சோதனைத்தாள் அவர்கட்கு அறிவைத் தராது நம்பிக்கையை மாத்திரம் தருமாயின், அதனை மருத்துவம் எனல் அரிது.

பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இடத்தை மேலும் நுணுக்கமாகக் குறிக்கின்றன. யேல் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுற்ற சிறுவரின் பிறபொருளெதிரி அடித்திரட்டுக்களில் மிகச் சிலவாகவே உள்ள ஒருவகை நரம்புக்கலத்தை, அசற்றைற்கோலீன் என்னும் பொருளைச் சுரந்து அண்டைக் கலங்களைக் கட்டுப்படுத்தும் கலத்தை, தெரிந்து பற்றி அதன் செயலைக் குறைக்கின்றது எனக் கூறுகின்றது. இன்னொரு புதிர், பிறபொருளெதிரி மூளைக்குள் எவ்வாறு புகுகின்றது என்பது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு இத்தகைய பெரிய மூலக்கூறுகளை எளிதில் விடுவதன்று. 2016இல் வெளிவந்த எலி ஆய்வொன்று இதற்கு விடை தர முயன்றது. மூக்கின் வழியாகத் திரும்பத் திரும்ப ஸ்ரெப்ரொகொக்கசுத் தொற்று ஊட்டப்பட்ட எலிகளில், அப்பற்றீரியத்தை எதிர்க்கும் வெண்குருதிக்கலங்கள் மணநரம்பின் வழியே மூளையை அடைந்து தடுப்பைக் குலைத்தன. குலைந்த இடத்தாற் பிறபொருளெதிரி உட்புகுந்தது. ஒருமுறை தொற்றியோர்க்கு வாராது பலமுறை தொற்றியோர்க்கே வருதலையும் இது ஓரளவு விளக்கக்கூடும். எலியின் மூளையில் நிகழ்வது சிறுவனின் மூளையிலும் நிகழ்கின்றதா என்பது வேறு வினா. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தினர் 2020இல் நோயுற்ற 34 சிறுவரின் மூளையைக் காந்தப் படத்தால் ஆராய்ந்து, நலமுடைய 64 பேரோடு ஒப்பிட்டபோது, அடித்திரட்டுக்கள் முதலிய ஆழ்பகுதிகளின் நுண்ணமைப்பில் வேறுபாடு கண்டனர். வேறுபாடு உண்டு என்பதைப் படம் காட்டும். அது எதனால் வந்தது என்பதைக் காட்டாது.

சிகிச்சையைப் பற்றிய சான்றும் இவ்வாறே இருபாற்பட்டுக் கிடக்கின்றது. 1999ஆம் ஆண்டில் சுவீடோவின் குழுவினர் கடுமையாக நோயுற்ற 30 சிறுவரைக் கொண்டு சோதனை நடத்தினர். 29 பேர் அதனை முடித்தனர். குருதித் திரவவிழையத்தை மாற்றப்பெற்றோரிடம் எண்ணச்சுழற்சி ஒரு திங்களில் 58 சதவீதமும், நாளத்தினூடு இமியூனோகுளோபுலின் ஏற்றப்பெற்றோரிடம் 45 சதவீதமும், வெறும் உப்புநீர் ஏற்றப்பெற்றோரிடம் 3 சதவீதமும் குறைந்தது. திரவவிழைய மாற்றுப் பெற்றவர் யாவர் என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தமை அவ்வாய்வின் குறை. பின்னர் 35 சிறுவரைக் கொண்டு, ஏற்றப்படுவது எது எனப் பெற்றோரும் மருத்துவரும் அறியாவாறு இமியூனோகுளோபுலினைச் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டபோது, ஆறு கிழமைக் காலத்தில் மருந்துக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இது தலைவலி, வாந்தி முதலிய துன்பம் தரக்கூடியது. விலையும் மிகப் பெரிது. பெனிசிலினால் முன்னரே தடுக்க முயன்ற 37 சிறுவர் ஆய்வும் 1999இலேயே நிகழ்ந்தது. பெனிசிலின் உண்ட காலத்திலும் தொற்றுக்கள் நேர்ந்தமையால் அதனின்று எதனையும் துணிய இயலவில்லை.

காரணத்தைப் பெயரிலேயே பொதித்து வைத்தமைதான் சச்சரவுக்கு இடமாயிற்று என்பதைச் சுவீடோவும் உணர்ந்தார் போலும். 2012ஆம் ஆண்டில் அவரும் லெக்மன், றோஸ் என்னும் இருவரும் சேர்ந்து புதிய இலக்கணம் ஒன்றை வகுத்தனர். சிறுவர் திடீர்த்தொடக்க உளநரம்புக் கூட்டறிகுறி எனப்படும் அதில் ஸ்ரெப்ரொகொக்கசு என்னும் சொல்லே இல்லை. எண்ணச்சுழற்சியோ உணவைக் கடுமையாக ஒதுக்குதலோ திடீரெனத் தோன்றல் வேண்டும். அதனோடு பதற்றம், மனநிலைத் தளம்பல், சினம், வயதிற்குப் பொருந்தாத குழந்தைத்தனம், கல்வியிற் பின்தங்கல், புலன் அல்லது இயக்கக் கேடு, உறக்கக் கேடும் சிறுநீர்க் கோளாறும் போன்ற உடற்குறிகள் ஆகிய ஏழனுள் இரண்டேனும் உடனெழல் வேண்டும். வேறு அறியப்பட்ட நோயால் இவை விளங்கலாகாது. காரணத்தை அறிவதற்கு முன் நோயாளரைச் சரிவர இனம்பிரித்தல் என்னும் இந்நெறி, சிடனாம் சென்ற நெறியே.

இறுதியிற் கூறிய நிபந்தனை நடைமுறையில் மிக இன்றியமையாதது. திடீரென மாறிய குழந்தையிடம் கொரியா உண்டா, இருதயத்தில் முணுமுணுப்பு உண்டா, வலிப்பும் நினைவுக் குழப்பமும் தோன்றுகின்றனவா என்பன முதலிற் பார்க்கப்படும். கொரியாவாயின் அது வாதக்காய்ச்சலே. இருதயத்தைக் காக்கப் பெனிசிலின் தொடங்கல் வேண்டும். நினைவுக் குழப்பமும் வலிப்பும் உளவாயின் மூளை அழற்சியைத் தேடல் வேண்டும். அதிற் காலம் தாழ்த்தல் தீது. செம்பு உடலிற் சேரும் வில்சன் நோயும், தன்னெதிர்ப்பு நோயாகிய லூபசும் இவ்வேடத்தில் வருவதுண்டு. இவை ஒன்றும் இல்லையெனத் தெளிந்து, தொண்டையில் ஸ்ரெப்ரொகொக்கசு உண்மையாகவே காணப்பட்டால், அதற்குரிய மருந்தைக் குறித்த நாள்வரை கொடுப்பதில் எக்கட்சியார்க்கும் தடையில்லை. எண்ணச்சுழற்சிக்குப் பயன்படும் நடத்தைச் சிகிச்சையும் உளமருந்துகளும் காரணம் எதுவாயினும் நிறுத்தி வைக்கப்படுவனவல்ல. உடற்காரணம் உண்டு என்றதனால் உளச்சிகிச்சை வேண்டா எனக் கருதும் பெற்றோரும், உளச்சிகிச்சை பயன்பட்டமையால் உடற்காரணம் இல்லை எனக் கருதும் மருத்துவரும் ஒரே வழுவிற்கு ஆளாகின்றனர்.

அமெரிக்கக் குழந்தைமருத்துவர் கழகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, இக்கூட்டறிகுறியின் காரணத்தையும் நிர்ணயத்தையும் சிகிச்சையையும் பற்றிய சான்று இன்னும் நிறைவுறவில்லை என எடுத்துக்காட்டுகின்றது. நிறைவுறாமைக்கு ஒரு காரணம் மிக எளியது. நோய் எழுந்த முதற் சில நாள்களில் எடுக்கப்பட்ட குருதியும் முள்ளந்தண்டுப் பாய்பொருளும் ஆராய்ச்சியாளர்க்குக் கிடைத்தல் அரிது. குழந்தை குறும்பு செய்கின்றது என்றும், சில நாளில் சரியாகும் என்றும் வீட்டிலும் பள்ளியிலும் கழியும் கிழமைகளிலேயே அவர்கள் தேடும் பிறபொருளெதிரியின் அளவு ஏறி இறங்கிவிடுகின்றது.